இரண்டு இழைகளில் நெய்த ஒரு துணி

சைப்ரஸின் இரு பகுதிகளிலும் பள்ளி வரலாற்று நூல்களை எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். லினோபம்பாகி என்று உங்கள் தீவில் அழைக்கப்பட்டவர்களுக்குப் பாடநூலில் ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டுகிறேன். லினனும் பருத்தியும் கலந்தது என்பது அப்பெயரின் பொருள். பிள்ளைக்கு ஞானஸ்நானமும் கொடுத்து, சுன்னத்தும் செய்து, யூசுப் என்றாலும் யோசேப்பு என்றாலும் பொருந்தும் பெயரைச் சூட்டி வாழ்ந்த குடும்பங்கள் அவை. ஒட்டோமானியத் துருக்கியர் ஆட்சியில் கிறித்தவர்கள் வரிக்கும் தண்டனைக்கும் அஞ்சிப் போட்ட முஸ்லிம் வேடம் என்பார்கள். தலைமுறைகள் கடந்தபின் அதுவே அவர்களுடைய இயல்பாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

மதவாரியாக மக்களை ஆள்வதைப் பிரிட்டிஷார் தொடங்கி வைக்கவில்லை. 1571இல் தீவைப் பிடித்த ஒட்டோமானியர், ஆர்த்தடாக்ஸ் பேராயரைக் காலப்போக்கில் கிறித்தவக் குடிகளின் தலைவராகவே ஏற்றனர். கிரேக்கப் புரட்சி மூண்ட 1821இல் அந்தத் தலைமைக்காகவே பேராயர் கிப்ரியானோஸ் நிக்கோசியாவில் தூக்கிலிடப்பட்டார். 1878இல் வந்த பிரிட்டிஷாரோ அந்தப் பிரிவினையை எண்ணிக்கையாக்கினர். 1882இன் சட்டமன்றத்தில் முஸ்லிம் அல்லாதார், அதாவது பெரும்பாலும் கிரேக்கர், 9 பேர்; முஸ்லிம்கள், அதாவது துருக்கியர், 3 பேர்; பிரிட்டிஷ் அதிகாரிகள் 6 பேர். மூன்றும் ஆறும் ஒன்பது. இரு பக்கமும் சமமானால் முடிவு செய்யும் வாக்கு தீவை ஆண்ட பிரிட்டிஷ் உயர் ஆணையருடையது. முஸ்லிம் உறுப்பினர்கள் அதிகாரிகளின் பக்கம் நிற்கும் வரை ஆட்சிக்குத் தோல்வியில்லை என்பதே இந்தக் கணக்கின் சூட்சுமம்.

அந்தக் கணக்கு ஒருமுறை பொய்த்தது. 1931இல், உறுப்பினர் எண்ணிக்கை கூடியிருந்த அதே மன்றத்தில், வரி உயர்வை எதிர்த்து நெஜாத்தி என்ற துருக்கிய உறுப்பினர் கிரேக்க உறுப்பினர்கள் 12 பேரோடு சேர்ந்து வாக்களிக்க, மசோதா தோற்றது. ஆளுநர் ஸ்டோர்ஸ் அவரைப் ‘பதின்மூன்றாவது கிரேக்கர்’ என்றார். வரிக்கு எதிராக வாக்களித்தவரைக்கூட இனப்பெயரால்தான் அவருக்கு விளங்கிக்கொள்ள முடிந்தது! லண்டன் அந்த வரியை ஆணையாகத் திணித்தது, அக்டோபரில் கிரேக்கர் கலகத்தில் ஆளுநர் மாளிகை எரிந்தது, மன்றமே கலைக்கப்பட்டது. மாளிகை எரிந்ததற்குத் தரும் இடத்தில் பாதியையாவது அந்த வாக்கெடுப்புக்குத் தாருங்கள்.

அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் 1960 அரசியலமைப்பின் 2ஆவது பிரிவை அப்படியே அச்சிடுங்கள். குடிமக்கள் கிரேக்கச் சமூகம், துருக்கியச் சமூகம் என இரண்டே பிரிவினராம். சிறிய கிறித்தவக் குழுக்களான மரோனியரும் ஆர்மீனியரும் லத்தீன் கத்தோலிக்கரும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். கிரேக்கச் சமூகத்தையே அவர்கள் தேர்ந்தார்கள். லினனும் பருத்தியுமாக வாழ்ந்த ஒருவர் எந்தப் பக்கம் போயிருப்பார் என்று மாணவர்களிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகர்