பாசம் வற்றவில்லை, பங்குபோட ஆளில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதியோர் தனித்து வாழ்வது குறித்த செய்திகள் வரும்போதெல்லாம், கூட்டுக் குடும்பம் சிதைந்ததும் இளைய தலைமுறையின் பாசம் வற்றியதுமே காரணம் என்று தீர்ப்பு எழுதுவது வழக்கமாகிவிட்டது. இந்தத் தீர்ப்பு அநியாயமானது என்பது என் உறுதியான கருத்து.

1971-இல் தமிழகத்தில் ஒரு பெண் சராசரியாக ஏறத்தாழ நான்கு குழந்தைகளைப் பெற்றார். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி அது 1.8 ஆகிவிட்டது. 2011-இல் நம் மாநில மக்களில் 10.4 விழுக்காடாக இருந்த அறுபது வயதைக் கடந்தோர், 2031-இல் 18.2 விழுக்காடாவார்கள் என்பது அரசு வெளியிட்ட மதிப்பீடு. நான்கு பேர் முறைவைத்துச் சுமந்த பொறுப்பை இனி ஒருவரோ இருவரோ சுமக்க வேண்டும். அந்த ஒருவரும் பிழைப்புக்காகச் சென்னையிலோ வளைகுடாவிலோ இருக்கக்கூடும்.

பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்ததைப் பேசும் நாம், பக்கவாட்டு உறவுகள் மறைவதைப் பேசுவதில்லை. ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்த பெண்ணின் குழந்தைக்குக் காதுகுத்தில் மடி கொடுக்கத் தாய்மாமன் கிடையாது, சித்தியும் கிடையாது. இவர்கள் சீர் செய்ய மட்டுமே இருந்தவர்கள் அல்லர். பிரசவத்துக்கு வந்து தங்கியதும், மருத்துவமனையில் இரவுத் துணைக்கு இருந்ததும், அவசரத்துக்கு வட்டியில்லாமல் பணம் புரட்டிக் கொடுத்ததும் இவர்கள்தாம். அந்த வேலைகள் எல்லாம் இன்று பெரும்பாலும் ஒரு மகள் அல்லது மருமகளின் தலையில் விழுகின்றன. கணவரைவிட வயதில் இளையவர்களாகவும் நீண்ட நாள் வாழ்பவர்களாகவும் இருப்பதால், முதுமையில் துணையிழந்து தனியே இருப்பவர்களிலும் பெண்களே மிகுதி.

தனி அடுப்பு எரிகிறது என்பதற்காகக் குடும்பம் அறுந்துவிட்டதாகவும் கொள்ள முடியாது. குஜராத்தின் மகுவா ஊரை ஆராய்ந்த சமூகவியலாளர் ஐ.பி. தேசாய், தனித்தனி வீடுகளில் வாழ்பவர்களும் சொத்தாலும் கடமையாலும் பிணைக்கப்பட்டிருப்பதை அறுபதுகளிலேயே எடுத்துக்காட்டினார். மாதந்தோறும் பணம் அனுப்பி, நாள்தோறும் தொலைபேசியில் மருந்து சாப்பிட்டாயா என்று கேட்கும் மகனையும் கிராமத்துத் தாயையும், பொதுச் சமையலை அளவுகோலாகக் கொள்ளும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொடர்பற்ற இரண்டு வீடுகளாகவே பதிவு செய்கிறது.

பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம், கைவிடும் பிள்ளைகளிடமிருந்து மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை பெற்றுத்தர வழிசெய்கிறது. அது தேவையான சட்டமே. ஆனால், மனமிருந்தும் ஆளில்லாத குடும்பத்துக்கு அதனால் பயனில்லை. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்குக் குழந்தை வளர்ப்புக்கென 730 நாள் விடுப்பு உண்டு. படுக்கையில் விழுந்த தாயைப் பார்த்துக்கொள்ள அதுபோன்ற தனி விடுப்பு இல்லை.

2027 கணக்கெடுப்பின் முடிவுகள் வெளியாகும்போது, தனித்து வாழும் முதியோரின் எண்ணிக்கையை மாவட்ட அளவோடு நிறுத்திவிடாமல் ஊராட்சி, வார்டு வாரியாக அரசு வெளியிட வேண்டும். அதை வைத்து, தேவை மிகுந்த இடங்களில் முதலில் பகல்நேரப் பராமரிப்பு மையங்களைத் திறக்க வேண்டும். பெற்றோரைப் பராமரிப்பதற்கான விடுப்பை, ஆண் பெண் வேறுபாடின்றி, மாநில அரசு தன் ஊழியர்களிடமிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.