நட்லாக் ஊர் வரலாறு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போதகர் அவர்களே, உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நடந்த வேலைகளையும் இன்னும் நடக்காமல் கிடப்பவற்றையும் மட்டும் நான் சொல்கிறேன்.

ருமேனியாவின் ஹங்கேரி எல்லையோரம் இருக்கும் நம் நட்லாக்கின் ஸ்லோவாக் மக்களுக்கு இந்த ஆண்டு நல்ல சேதியோடு பிறந்தது. ஜனவரி 1 முதல் ருமேனியா–ஹங்கேரி தரை எல்லையில் வழக்கமான பாஸ்போர்ட் சோதனை நின்றது. லாரிக்காரர்களுக்கு இதில் மிச்சமாவது நேரம். நமக்கு இதில் உறவு சம்பந்தப்பட்டிருக்கிறது. 1803இல் இங்கே குடியேறிய ஸ்லோவாக் குடும்பங்களில் பல டோட்கொம்லோஷிலிருந்து வந்தவை. முதல் உலகப்போருக்குப் பின் 1920இல் ட்ரியானான் ஒப்பந்தம் புது எல்லைக்கோடு கிழித்தபோது தாயூர் ஹங்கேரியிலும் நாம் ருமேனியாவிலுமாக ஆனோம். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகள், அப்புறம் ஒரு சாவுக்குப் போகக்கூடத் தாள் காட்ட வேண்டியிருந்தது. வசந்தத்தில் நம் உறுப்பினர்கள் எங்கும் நிற்காமல் அங்கே போய், அவர்கள் கிறிஸ்தவக் கோவிலில் சேர்ந்து பாடிவிட்டு வந்தார்கள். இதை ஆண்டுதோறும் நடத்த வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்கான ஊர் வரலாற்றுக் கையேடு பாதி முடிந்திருக்கிறது. அதை 1803இல் தொடங்குவதா என்று செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. தொடங்கக் கூடாது என்பதே என் கருத்து. 1464இல் ஹங்கேரி அரசர் மாத்தியாஸ் இந்த ஊரை யாக்‌ஷிச் என்ற செர்பியப் பிரபுக் குடும்பத்துக்குக் கொடுத்தார். துருக்கியர் போன பிறகு, மாரோஷ் ஆற்றோர எல்லைக் காவலுக்கு, வியன்னாவிலிருந்து ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசு வைத்திருந்ததும் செர்பியர்களைத்தான். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தக் காவற்படை கலைக்கப்பட்டதும் அவர்களில் பலர் ரஷ்யாவுக்குப் போய்விட்டார்கள். ருமேனியர்களும் நமக்கு முன்பே இங்கே வாழ்ந்தவர்கள். வெறும் நிலத்தில் நாம் மட்டும் ஊர் கட்டினோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர என்னால் முடியாது. கையேடு இப்போது 1464இலிருந்து தொடங்குகிறது.

நம் முன்னோர் வந்த வழியும் அதில் விரிவாக வருகிறது. போர்களில் ஆளற்றுப் போன சமவெளிக்கு, இன்றைய ஸ்லோவாகியாவான வடக்கு மலை மாவட்டங்களின் லூத்தரன் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவு) குடியானவர்கள் நிலம் தேடியும் நிம்மதியாக வழிபட இடம் தேடியும் இறங்கி வந்தார்கள். 1718இல் பேகேஷ்சாபா, 1722இல் சர்வாஷ், 1746இல் டோட்கொம்லோஷ் என்று ஊர்களில் குடியேறினார்கள். அங்கேயும் பிள்ளைகள் பெருகி நிலம் போதாமல் போகவே இன்னும் தெற்கே வந்தார்கள். வந்த சில ஆண்டுகளிலேயே, 1812இல், கோவில் வேலையைத் தொடங்கி 1822இல் முடித்திருக்கிறார்கள்.

ஸ்லோவாக் எழுத்தாளர் யோசெஃப் கிரெகோர் தாயோவ்ஸ்கி 1904 முதல் 1910 வரை இங்கே வங்கி வேலையில் இருந்த காலத்தைப் பற்றி ஒரு மாலைக் கூட்டம் நடந்தது. அவர் பெயர் தாங்கிய, 1945இல் தொடங்கிய ஸ்லோவாக் மேல்நிலைப் பள்ளியின் மாணவர்கள் கட்டுரை வாசித்தார்கள். நல்ல கூட்டம்.

பழைய பாடல் புத்தகங்களைத் திரட்டும் வேலையில்தான் இந்த ஆண்டு மனம் அதிகம் நின்றது. யுராய் ட்ரனோவ்ஸ்கி 1636இல் வெளியிட்ட லூத்தரன் வழிபாட்டுப் பாடல் தொகுப்பின் பிற்காலப் பதிப்புகள் இவை. வீட்டில் ஸ்லோவாக் பேசியவர்கள் பழைய செக் மொழியில் பாடியது இவற்றைப் பார்த்துத்தான். ஒரு புத்தகத்தின் உள் அட்டையில் மூன்று தலைமுறைப் பிறப்புகள் வெவ்வேறு கையெழுத்தில் இருக்கின்றன. முதல் வரிகள் பழுப்பேறிய மையில், கடைசி வரிகள் பென்சிலில். தோல் அட்டையின் ஓரம் விரல் பட்டுப் பட்டு வழுவழுப்பாகிவிட்டது. வீட்டுக்காரர்கள் 1947இல் செக்கோஸ்லோவாகியாவுக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் விட்டுப்போனது என்று கொண்டுவந்து கொடுத்தவர் சொன்னார்.

இங்கேதான் நம் குறை இருக்கிறது. வந்தவர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். 2003இல் இருநூறாவது ஆண்டு விழாவும் கொண்டாடினோம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் செக்கோஸ்லோவாகியாவுக்குப் போனவர்களைப் பற்றி நம்மிடம் ஒரு கோப்புகூட இல்லை. தாய்நாடு அழைக்கிறது என்ற பிரசாரமும், நிலமும் வீடும் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் ஆயிரக்கணக்கான ருமேனிய ஸ்லோவாக்குகளைக் கிளப்பிக்கொண்டு போயின. பலருக்குக் கிடைத்தது, ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்ட செக் எல்லைப்புற ஊர்களில் யாரோ வாழ்ந்த வீடு. இங்கேயே தங்கியவர்களின் நிலம் 1949க்குப் பிறகு கூட்டுப்பண்ணைக்குப் போனது. போனவர்கள் தப்பித்தார்களா, தங்கியவர்கள் தப்பித்தார்களா என்று இன்றும் விருந்துகளில் வாக்குவாதம் வருகிறது. அதை ஒலிப்பதிவு செய்யாமல் விட்டது பெரிய நஷ்டம். அந்த நாட்களைப் பார்த்தவர்கள் எல்லோரும் இன்று எண்பதைத் தாண்டியவர்கள்.

ஆகவே வரும் ஆண்டில் கையேட்டு வேலை மெதுவாக நடந்தாலும் சரி, நேர்காணல்களை முதலில் முடிக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். செக்கோஸ்லோவாகியாவிலிருந்து வந்த கடிதங்கள், படங்கள், பயணச் சாமான் பட்டியல்கள் பரணில் இருந்தால் எடுத்து வாருங்கள். ஸ்கேன் செய்துவிட்டு அசலை உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம். எழுத்துப் புரியாத பழைய கடிதம் என்றாலும் கொண்டுவரலாம். படித்துச் சொல்லப் போதகர் இசைந்திருக்கிறார்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்