குவாரிக்குப் போகும் சாலையும் குவாரியிலிருந்து வரும் தண்ணீரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காங்கயம் வட்டாரத்தில், எங்கள் ஊருக்கு மேற்கே மேடாகக் கிடக்கும் பாறைக்காட்டில் புதிதாகக் கல்குவாரி தொடங்க விண்ணப்பம் கொடுக்கப்பட்டிருக்கிறது. குவாரி என்றதும் வெடியும் புழுதியும்தான் முதலில் பேச்சுக்கு வருகின்றன. அவற்றைப் பற்றி ஊரார் மனுவும் கொடுத்துவிட்டார்கள். அந்த மனுவில் ஒரு வரிக்கு மேல் இடம்பெறாத இரண்டைப் பற்றியே நான் எழுத விரும்புகிறேன். ஒன்று, கல் ஏற்றிய வண்டிகள் போகப்போகும் சாலை. மற்றொன்று, மழைத் தண்ணீர் இறங்கிவரும் தடம். சாலைப் பணியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது தோட்டம் பார்த்துக்கொண்டிருப்பவன் என்பதால் இவ்விரண்டும் என்னைத் தூங்க விடாமல் செய்கின்றன.

அந்தப் பாறைக்காட்டையும் பெரிய சாலையையும் இணைப்பது ஒரேயொரு ஊராட்சி ஒன்றியச் சாலை. கிராமச் சாலைகளுக்கு உரிய வழக்கமான அளவில் தார்ப்பரப்பு 3.75 மீட்டர் அகலம். ஒரு டிப்பர் லாரி ஏறக்குறைய இரண்டரை மீட்டர் அகலம். எதிரெதிரே இரண்டு லாரிகள் வந்தால் ஒன்று தாரை விட்டு ஓர மண்ணில் இறங்கித்தான் ஆகவேண்டும். அந்த ஓர மண்ணில்தான் காலையில் பள்ளிக்கூட வேனுக்காகப் பிள்ளைகள் நிற்கிறார்கள். பால் சொசைட்டிக்குக் கேன் கட்டிய மொபெட்டுகள் போகின்றன. இரண்டு பக்கமும் கிளுவை வேலி நெருக்கமாக இருப்பதால், அதற்கும் அப்பால் ஒதுங்க யாருக்கும் இடமில்லை.

எத்தனை வண்டி ஓடும் என்பதை விண்ணப்பதாரர் சொல்லவேண்டும். ஆனால் அளவு புரிவதற்காக நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் கன மீட்டர் கல் எடுப்பதாகவும் 300 நாள் வேலை நடப்பதாகவும் வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 333 கன மீட்டர், எடையில் சுமார் 870 டன். பத்துச் சக்கர லாரி ஒன்றில் 17 டன் ஏற்றினால் ஏறத்தாழ 50 லோடு. காலியாகத் திரும்புவதையும் சேர்த்தால் 100 நடை. பத்து மணி நேர வேலையில், ஆறு நிமிடத்துக்கு ஒரு லாரி எங்கள் வீட்டு வாசலைக் கடக்கும். வண்டியும் சரக்கும் சேர்ந்து அந்த லாரி 28.5 டன் வரை இருக்கலாம் என்று 2018-இல் வரம்பு உயர்த்தப்பட்டிருக்கிறது. அச்சில் இறங்கும் சுமை இரண்டு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகும் என்பது சாலைப் பொறியியலில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட கணக்கு. டவுன் பஸ்ஸுக்கும் நெல் வண்டிக்கும் போட்ட சாலை இதை எத்தனை மழைக்காலம் தாங்கும்?

தண்ணீர் விஷயம் இதைவிடக் கவலை தருவது. எங்கள் பக்கத்து இட்டேரிகள் வெயில் காலத்தில் வண்டித்தடமாகவும் மழைக் காலத்தில் வாய்க்காலாகவும் இருப்பவை. பாறைக்காட்டில் பெய்யும் மழை இட்டேரி வழியாக இறங்கி, ஒன்றியச் சாலைக்கு அடியிலுள்ள குழாய்ப் பாலத்தில் நுழைந்து, குட்டையை நிரப்பிவிட்டு, பள்ளத்தில் விழுந்து நொய்யலுக்குப் போகிறது. வருவாய்த் துறை வரைபடத்தில் இட்டேரி வண்டிப்பாதை என்றே இருக்கும், ஓடை என்று இருக்காது. ஆகவே வரைபடத்தை மட்டும் பார்க்கிறவர், இங்கே நீர்வழி எதுவும் இல்லை என்று மனசாட்சிக்கு விரோதமில்லாமலேயே எழுதிவிட முடியும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில் நடந்ததைச் சொல்கிறேன். ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு குவாரியின் மண்மேடு கரைந்து வந்து குழாய்ப் பாலத்தின் வாயை அடைத்தது. தண்ணீர் சாலைமேல் ஏறி, பக்கத்துத் தோட்டத்துச் சின்ன வெங்காயத்தில் பாய்ந்தது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தோம். பாத்திகளின் மேல் சிமெண்டுப் பால் ஊற்றியதுபோல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் கிடந்தது. இரண்டு நாள் வெயிலில் அது ஓடு கட்டிக்கொண்டது. தாளைப் பிடித்து இழுத்தால் தாள் மட்டும் கையோடு வந்தது, காய் மண்ணுக்குள்ளேயே அழுகிக் கிடந்தது. அந்த வாரமே சாலையும் பாலத்தருகே உள்வாங்கியது. சாலையின் அடிமண் ஊறிய பிறகு அதன்மேல் கனரக வண்டி ஏறினால் தார் எவ்வளவு நன்றாகப் போட்டிருந்தாலும் நிற்காது. சாலையையும் தண்ணீரையும் நான் சேர்த்துப் பேசுவதற்குக் காரணம் இதுதான். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5 லட்சம் லிட்டர். குவாரிக் குழியில் தேங்குவதை மோட்டார் வைத்து இறைத்துச் சாலையோரத்தில் விடுவார்கள் என்றால், மழை விட்ட பிறகும் அடிமண் காயாது.

குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரி கூடாது என்று 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் சொல்கின்றன. அந்தத் தூரத்தை அளந்து முடித்ததோடு நம் கடமை முடிந்தது என்ற எண்ணம் அதிகாரிகளிடமும் மக்களிடமும் இருக்கிறது. 300 மீட்டருக்கு அப்பால் லாரி நின்றுவிடப் போவதில்லை. மேலும், 500 மீட்டருக்குள் வேறு குவாரி இருந்தால் எல்லாவற்றின் பரப்பையும் கூட்டித்தான் சுற்றுச்சூழல் அனுமதியைப் பரிசீலிக்க வேண்டும். மொத்தம் 5 ஹெக்டேரைத் தாண்டினால் மக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும். பரப்பைக் கூட்டுவதுபோல் லோடுகளையும் கூட்டிக் காட்டவேண்டும் என்று கேட்கிறேன், ஏனென்றால் எல்லாக் குவாரிக்கும் சாலை ஒன்றுதான்.

கல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் காலத்தில் நாங்கள் போட்ட சாலைகளுக்கும் ஜல்லி ஏதோ ஒரு ஊரின் பாறையிலிருந்துதான் வந்தது. ஆனால் முதல் லோடு வெளியேறும் முன்பே சாலையை அகலப்படுத்திப் பலப்படுத்த வேண்டும். குழாய்ப் பாலத்தை எடுத்துவிட்டு அகலமான சிறுபாலம் கட்டவேண்டும். குழியைச் சுற்றி வடிகாலும், வண்டல் படிந்து தெளிந்த தண்ணீர் மட்டும் வெளியேற ஒரு தொட்டியும் அமையவேண்டும். இவற்றின் செலவு குத்தகைதாரரைச் சேரவேண்டும். பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் லாரிகள் நிற்கவேண்டும்.

கருத்துக் கேட்புக்கு 30 நாள் முன்னறிவிப்பும், திட்ட அறிக்கையின் தமிழ்ச் சுருக்கமும் தரவேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையிலேயே இருக்கிறது. அந்தச் சுருக்கத்தோடு போக்குவரத்துக் கணக்கையும், மழைக் காலத்தில் நேரில் நடந்து பார்த்து வரைந்த நீர்வழிப் படத்தையும் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுமாறு மாவட்ட ஆட்சியரைத் தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அவை இல்லாமல் கூட்டம் நடந்தால், அங்கே எழுந்து நின்று நான் கேட்கப்போவது இதைத்தான்: அந்தக் குழாய்ப் பாலத்துக்கு மேலே நாளொன்றுக்கு எத்தனை லோடு போகும், கீழே எவ்வளவு தண்ணீர் போகும்?

இப்படிக்கு,
காங்கயம் வட்டார வாசகர் ஒருவர்