செயலாளர் அறிக்கை: காபனோடு கழிந்த ஒரு வருடம்

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில், வருடம் முழுக்க ஒரே மூலகத்தைப் படிப்பதென்று முடிவெடுத்துக் காபனைத் தெரிந்தோம். மாரியில் வாவி பெருகியதால் ஒரு கூட்டம் தவறியது. மற்றவை நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

முதல் கூட்டத்தில் ஈர்க்குக் குச்சியும் கோதுமை மா உருண்டையும் வைத்து மூலக்கூறு கட்டினோம். ஒரு காபனுக்கு நாலு ஈர்க்கு, அதாவது நாலு பிணைப்பு. அதுதான் அதன் வலுவளவு. காபனோடு காபன் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும், கிளைவிடும், வளையமாகும், இரட்டைப் பிணைப்பாலும் பிடித்துக்கொள்ளும். வளையமில்லாமல், ஒற்றைப் பிணைப்பு மட்டும் என்று வைத்துக்கொண்டால், ஐந்து காபனும் அவற்றுக்குரிய ஐதரசனும் மூன்று விதமாய் அமையும். ஆறு காபனுக்கு ஐந்து விதம். ஆறாவதைக் கண்டுபிடித்ததாக உயர்தர மாணவி ஒருவர் வாதாடினார். பார்த்தால் பழைய சங்கிலியைத்தான் வளைத்து வைத்திருந்தார். பத்துக் காபனுக்கு 75 என்றதும் எல்லாரும் எழும்பித் தேநீருக்குப் போய்விட்டார்கள். மறுநாள் மாதிரிகளை எறும்பு தின்றிருந்தது. அப்புறம்தான் மணிகள் வாங்கினோம்.

யூரியா பற்றிய கூட்டத்துக்குப் படுவான்கரையிலிருந்து விவசாயிகள் வந்தார்கள். வயலுக்கு எறிகிற அதே யூரியாதான். உயிருடலில் உண்டாகும் பொருட்களை ஆக்க ஏதோ ஓர் உயிர்ச்சக்தி வேண்டும் என்று பலர் நம்பிய காலத்தில், 1828இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் வோலர் அமோனியம் சயனேற்று என்ற உப்பிலிருந்து, உயிருடலில் உண்டாகும் அந்த யூரியாவைப் பெற்றார். இரண்டிலும் அணுக்கள் அவையே, எண்ணிக்கையும் அதுவே, அடுக்குத்தான் வேறு.

என் பார்வையில் இந்த வருடத்தின் சிறந்த கூட்டம் நெல்லும் வைக்கோலும் பற்றியது. சோற்றிலுள்ள மாப்பொருளும் வைக்கோலிலுள்ள செலுலோசும் குளுக்கோசைக் கோத்த சங்கிலிகளே. மாப்பொருளில் குளுக்கோசுகள் ஒரே பக்கம் பார்த்துச் சேர்வதால் சங்கிலி சுருளும். செலுலோசில் ஒன்றுவிட்டு ஒன்று புரண்டு நிற்பதால் சங்கிலி நேராய் நீண்டு, அயல் சங்கிலிகளோடு இறுகும். எங்கள் உடலில் உணவை உடைக்கும் நொதியங்கள் முதலாவதை வெட்டும், இரண்டாவதைத் தொடாது. எருமைக்கும் அது தனியே முடியாது. இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணங்கிகள் உடைத்துக் கொடுக்கின்றன. “அப்ப தயிர்ச்சட்டிக்கு வைக்கோல்தான் மூலதனம்” என்றார் ஒரு மூத்த அங்கத்தவர். சரிதான்.

அவரே இன்னொன்றும் கேட்டார்: கல்லடி மணலிலுள்ள சிலிக்கனுக்கும் வலுவளவு நாலுதானே, உயிர்கள் ஏன் அதனால் ஆகவில்லை? சிலிக்கனுக்கும் சிலிக்கனுக்கும் இடையிலான பிணைப்பு வலுக்குறைந்தது. சிலிக்கன் ஒட்சிசனைப் பிடித்தால் விடாது, மணலாய் இறுகிவிடும். காபன் ஒட்சிசனோடு சேர்ந்தால் காபனீரொட்சைட்டு வாயு. இலை அதைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

புரதத்துக்கு நேரம் போதவில்லை. புரதத்தை ஆக்கும் 20 அமினோவமிலங்களையும் ஒரே மாலையில் சொல்ல முயன்றது என் பிழை. அதை வரும் ஆண்டுக்குத் தள்ளியிருக்கிறோம்.

மணிப்பெட்டியில் கறுப்பு மணிகள் சில குறைகின்றன. பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால், அடுத்த கூட்டத்துக்கு முன் தந்துதவவும்.

செயலாளர்
மட்டக்களப்பு