எங்கள் பிள்ளைகளை அவசரப்படுத்தாத எல்லோருக்கும் நன்றி

அகதிகளாக வந்து சேர்ந்த எங்கள் குடும்பத்துக்குத் துணை நின்ற ஆசிரியர்களுக்கும், மொழிபெயர்ப்பாளர் அம்மாவுக்கும், மாலை வகுப்புத் தன்னார்வலர்களுக்கும் வணக்கம்.

முதலில் பள்ளி அலுவலகத்தில் இருந்தவருக்கு. தொடக்கக் கல்வியில் அகதிப் பிள்ளைகளையும் சொந்த நாட்டுப் பிள்ளைகளைப் போலவே நடத்த வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை சொல்கிறது. ஆனால் எந்த வகுப்புவரை படித்தார்கள் என்பதற்கு எங்கள் கையில் ஒரு காகிதமும் இல்லை. "சரி, முதலில் பிள்ளைகள் வகுப்புக்கு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றீர்கள். அன்று இரவுதான் நிம்மதியாகத் தூங்கினோம்.

மகளின் ஆசிரியைக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. வீட்டில் வாய் ஓயாதவள், வகுப்பில் மாதக்கணக்கில் ஒரு வார்த்தை பேசவில்லை. காது கேட்கவில்லையோ, புத்தியில் குறையோ என்றுகூடச் சிலர் சொன்னார்கள். நீங்கள் மட்டும் பதறவில்லை. புது மொழிக்குள் வரும் பிள்ளைகள் பலர் முதலில் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள் என்று விளக்கினீர்கள். எழுந்து நின்று வாசி என்று ஒருநாளும் சொல்லவில்லை. படத்தை விரலால் தொட்டுக் காட்டினாலே அதைப் பதிலாக எடுத்துக்கொண்டீர்கள். கடைசியில் பக்கத்துப் பிள்ளையிடம் அழிரப்பர் கேட்கத்தான் அவள் வாய் திறந்தாள். உங்கள் காதில் விழுந்தும் திரும்பிப் பார்க்காமல் கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருந்தீர்களாம். திரும்பியிருந்தால் மறுபடி மூடிக்கொண்டிருப்பாள்.

தீயணைப்பு ஒத்திகை மணி அடிக்கப்போகிறது என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லி, கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனதும் நீங்கள்தான். திடீர்ச் சத்தம் அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது.

மகன் கதை வேறு. மைதானத்தில் சீக்கிரமே சரளமாகப் பேசினான்; அறிவியல் தேர்வில் மட்டும் திணறினான். சோம்பேறி என்று முடிவுகட்ட அதுவே போதும். மாலை வகுப்பு அண்ணன்மாரே, நீங்கள் அப்படி நினைக்கவில்லை. அன்றாடப் பேச்சு ஏறக்குறைய 2 ஆண்டில் வந்துவிடும், பாடப்புத்தக மொழி கைவர 5 முதல் 7 ஆண்டு பிடிக்கலாம் என்று ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் சொல்லியிருப்பதை எங்களுக்கு எடுத்துச்சொன்னீர்கள். ஓடி அலைந்த காலத்தில் விட்டுப்போன பின்னக் கணக்கைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தீர்கள். அவன் வயதுப் பிள்ளைகளோடே வகுப்பில் இருக்க முடிந்தது அதனால்தான்.

மொழிபெயர்ப்பாளர் அம்மா, நீங்கள் வருவதற்கு முன்பெல்லாம் மருத்துவமனையில் என் நோயைப் பற்றி மருத்துவர் சொல்வதை மகன்தான் என்னிடம் சொல்வான். சொல்லும்போது குரல் உடையும். என்னைப் பயமுறுத்தக்கூடாதென்று சிலதை விழுங்கிவிடுவான். ஒரு பிள்ளை சுமக்கிற சுமையா அது? நீங்கள் வந்த அன்று, "தம்பி, நீ வெளியே போய் விளையாடு, இது பெரியவங்க வேலை" என்றீர்கள். அவன் ஓடின ஓட்டத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஆண்டும் புதிதாகச் சில பிள்ளைகள் வந்திருப்பதாக மகள் சொன்னாள். அவர்கள் அம்மா அப்பாவோடு பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ துணைக்குப் போக ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள். கட்டாயம் வருகிறேன்.

நன்றியுடன்,
இரண்டு பிள்ளைகளின் அம்மா