கெபிக்கு முன்னால் கொடுக்க வேண்டியது

தோஹா, கட்டார்.
தவக்காலம்.

அன்புள்ள அண்ணாவுக்கு,

இறைவன் அருளால் நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் அம்மாவும் நலமாக இருக்க மன்றாடுகிறேன். நம் கோவிலில் மாதா சிலை வைக்கக் குகை போலக் கட்டும் கெபிக்கு அப்பாவின் பெயரில் பெரிய தொகையாகக் கொடுத்து, பெயர்க்கல்லும் வைக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது நான் பதில் சொல்லவில்லை. தொலைபேசியில் பேசினால் அறையில் கூட இருப்பவர்களுக்குக் கேட்கும். அம்மா பக்கத்தில் இருந்தால் அழுவார். அதனால்தான் ஆறுதலாக எழுதுகிறேன்.

ஹோட்டலின் சலவைப் பகுதியில்தான் இன்னமும் வேலை. விருந்தினரின் உடுப்புகளை இயந்திரத்தில் போடுமுன் ஒவ்வொரு பையையும் வெளியே இழுத்துப் பார்ப்போம். பேனா, அறைச் சாவி அட்டை, சில வேளைகளில் மடித்த ரியால் தாள்களும் வரும். கிடைத்ததை ஒரு சிறிய உறையில் இட்டு, மேலே அறை இலக்கம், திகதி, தொகை எழுதி, மேற்பார்வையாளரின் கண் முன்னே ஒட்டிக் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த உறை அந்த அறைக்குத்தான் போகும். அந்தக் காசை எடுத்துக் கோவில் உண்டியலில் போட்டுவிட்டு, நல்ல காரியத்துக்குத்தானே கொடுத்தேன் என்று ஒருவர் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? கெபிக் காசைப் பற்றி என் மனதில் இருப்பதும் இதுதான்.

அப்பா கடைசி நாட்களில் நம் மூவரிடமும் சொன்னதை நாம் இன்றுவரை வாய்விட்டுப் பேசியதில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறை எழுதும் கணக்கப்பிள்ளையாக இருந்த காலத்தில், லய வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராவில் இருந்த பெரியம்மாவின் கொழுந்தைக் குறைத்து எழுதி, அந்தக் கிலோக்களை அத்தையின் பேரில் ஏற்றி, மாதக் கடைசியில் வந்த மேலதிகக் கொழுந்துக் காசை வீட்டுக்குக் கொண்டுவந்தார். குறித்த நிறை எட்டாத நாட்களில் பெரியம்மாவுக்கு அரைப்பேர்தான் விழுந்தது. பனி விலகுமுன் கூடையும் மட்டக்கம்புமாக மலை ஏறி, அட்டைக்கடியோடு பொழுது சாயும்வரை கொழுந்து எடுத்தவருக்கு அரைநாள் சம்பளம். அந்தக் காசில் எனக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வந்தது, உங்கள் டியூஷன் கட்டணமும் போனது.

அப்பா அழுது பாவசங்கீர்த்தனம் செய்தார், நோயில்பூசுதல் பெற்றார். ஃபாதர் என்ன சொன்னார் என்பது அவர்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும். ஏதாவது செய்ய நினைத்திருந்தாலும் அப்பாவால் அப்போது எழுந்து நடக்கவே முடியவில்லை. இறைவன் அவரை மன்னித்தார் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் பெரியம்மாவின் வீட்டுக்குப் போக வேண்டிய காசு இன்னும் போகவில்லை.

இங்கே வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முழுவதும் வெள்ளியன்றே கோவிலுக்கு வருகிறது. மெசைமீர் என்னும் இடத்தில் பல சபைகளின் ஆலயங்கள் ஒரே வளாகத்துக்குள் இருக்கின்றன. நம்முடைய செபமாலை மாதா ஆலயம் 2008 இல் திறக்கப்பட்டது. வெளியே சிலுவையும் இல்லை, கோபுர மணியும் இல்லை. வாசலில் பைகளைச் சோதித்த பிறகே உள்ளே விடுவார்கள். உள்ளே போய்த் தமிழில் திருப்பலி காணும்போது, நம் தோட்டத்துக் கோவிலில் இருப்பது போலவே இருக்கும்.

இந்தத் தவக்காலத்தில் லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வரிதண்டுவோரின் தலைவரான சக்கேயு ஆண்டவர் முன் நின்று சொன்னவை இரண்டு. சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பது ஒன்று. ஏமாற்றிப் பறித்ததை, பறிகொடுத்தவருக்கே நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பது மற்றொன்று. ஏழைகளுக்குப் பாதியைக் கொடுத்தாயிற்று, அதற்குள் இதுவும் அடங்கிவிட்டது என்று அவர் இரண்டையும் ஒரே கணக்கில் எழுதவில்லை. தானே முன்வந்து குற்றத்தை அறிக்கையிடுபவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்றே எண்ணிக்கை நூலின் 5ஆம் அதிகாரம் சொல்கிறது. நான்கு மடங்கு என்பது ஆட்டைத் திருடி விற்றவனுக்கு விடுதலைப்பயண நூல் விதித்த தண்டனை. சக்கேயு குறைந்ததை விட்டுக் கூடியதைத் தன்மேல் ஏற்றுக்கொண்டார். அண்ணா, எண்ணிக்கை நூலின் அதே இடத்தில் இன்னொன்றும் இருக்கிறது: ஈட்டைப் பெற்றுக்கொள்ள உறவினர் எவரும் இல்லாவிட்டால்தான் அது ஆண்டவருக்குரியதாகிக் குருவின் கைக்குப் போகும். பெரியம்மா இறந்துவிட்டாலும் அவருடைய மகள் இன்றும் அதே மலையில் கொழுந்து எடுக்கிறார். அவர் இருக்கும்போது நாம் கெபிக்குப் போவது முறையா?

திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடுக்காதவனின் மனந்திரும்புதல் வெறும் பாவனை என்று புனித அகுஸ்தீனார் மக்கெதோனியு என்னும் அதிகாரிக்கு எழுதியிருக்கிறார். அது கடுமையான சொல்தான். அப்பாவை நினைத்தால் எனக்கு வலிக்கிறது. ஆனால் இன்று முடிந்தவர்கள் நாம். திருட்டினால் தெரிந்தே பயனடைந்தவர்களும் தங்கள் பங்குக்கு ஏற்ப ஈடுசெய்யக் கடமைப்பட்டவர்கள் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2412ஆம் எண்ணில் சொல்கிறது. சின்ன வயதில் நமக்கு ஒன்றும் தெரியாது. இப்போது தெரியும்.

எவ்வளவு என்று யாருக்குத் தெரியும் என்பீர்கள். பேரும் சம்பளமும் பதியும் செக்ரோல் புத்தகம் நம்மிடம் இல்லைதான். அத்தையிடம் கேட்டு, எத்தனை மாதம் என்று மதிப்பிட்டு, அன்றைய காசை அன்றைய ரூபாயாக எண்ணாமல் இன்றைய சம்பளக் கணக்கில் போட்டு, ஐந்தில் ஒரு பங்கும் சேர்ப்போம். ஐயம் வரும் இடத்தில் கூட்டியே வைப்போம். லயத்தில் அப்பாவின் பெயர் கெட்டுவிடும் என்று அம்மா பயப்படுவார். ஊரைக் கூட்டிச் சொல்லச் சொல்லவில்லை. பெரியம்மாவின் மகளான அந்த அக்காவிடம் மட்டும் உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். காரணம் சொல்லாமல் கொடுத்தால் அவர் அதை நம்முடைய தர்மம் என்று நினைத்து நமக்கு நன்றி சொல்வார். அவருடைய காசுக்கு அவரிடமே நன்றி வாங்குவது இன்னொரு அநியாயம்.

கெபிக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருடியவர் இனித் திருடாமல் பாடுபட்டு உழைத்து, இல்லாதவருக்குக் கொடுக்க வேண்டும் என்று பவுல் எபேசியருக்கு எழுதியதை இங்கே கண்ணால் பார்க்கிறேன். இந்த நாட்டில் அடிப்படைச் சம்பளம் 1,000 ரியாலுக்குக் குறையக் கூடாது என்பது 2021 முதல் சட்டம். அதற்குச் சற்று மேலே வாங்குபவர்கள்தான் எங்கள் அறையில் அதிகம். போன மாதம் ஒரு தங்கச்சியின் தாயார் இறந்தபோது, அவள் பயணச்சீட்டுக்காக இரவோடிரவாக எல்லோரும் காசு போட்டார்கள். யார் எவ்வளவு என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அப்படிக் கொடுக்கவே எனக்கும் ஆசை, அதுவும் கடன் தீர்ந்த கையால்.

இந்த மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை அட்டன் வங்கிக் கணக்குக்கு அனுப்பியிருக்கிறேன். மீதியை இரண்டு தவணைகளில் அனுப்புவேன். உங்கள் பங்கை நீங்களே முடிவு செய்யுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு, சம்பள நாளாக இல்லாத ஒரு மாலையில் அக்காவின் வீட்டுக்குப் போங்கள். அவர் கோபப்பட்டால் பதில் பேசாமல் கேளுங்கள். வேண்டாம் என்று மறுத்தால் வற்புறுத்தாமல், அவர் பிள்ளைகளின் பெயரில் போடலாமா என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள். கெபிக்கான தொகையை அதற்குப் பிறகு பேசுவோம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை