ஆட்டிச மதிப்பீட்டில் விடுபடும் பெண்களும் திருநரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிறரோடு பழகும் விதத்திலும் புலன் உணர்விலும் பிறவியிலேயே வேறுபாடு கொண்ட மூளை வளர்ச்சி நிலையான ஆட்டிசம் குறித்து வரும் கட்டுரைகள் பெரும்பாலும் குழந்தைகளை, அதிலும் ஆண் குழந்தைகளை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. முப்பது, நாற்பது வயதைக் கடந்த பிறகே தமக்கு ஆட்டிசம் இருப்பதை அறியும் பெண்களும், திருநர் உள்ளிட்ட பிற பாலின அடையாளம் கொண்டோரும் அவற்றில் இடம்பெறுவதில்லை.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஆட்டிசத்தை முதலில் விவரித்த மருத்துவர்களுள் ஒருவரான லியோ கேனர் 1943-இல் எழுதிய 11 குழந்தைகளில் 8 பேர் சிறுவர்கள்; மறு ஆண்டு மற்றொரு மருத்துவரான ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விரிவாக எழுதிய நால்வரும் சிறுவர்களே. சிறுவர்களைப் பார்த்து வகுத்த அடையாளங்களைக் கொண்டு தேடினால் சிறுவர்களே கூடுதலாக அகப்படுவார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் 4-க்கு 1 என்று நெடுங்காலம் சொல்லப்பட்ட விகிதம், ஏற்கெனவே கண்டறியப்பட்டவர்களை மட்டும் எண்ணாமல் மக்களிடையே தேடிச் சோதித்த ஆய்வுகளில் ஏறத்தாழ 3-க்கு 1 ஆகக் குறைவதை பல ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டி 2017-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று காட்டியது.

ரயில் அட்டவணையை மனப்பாடமாகச் சொல்லும் சிறுவன் உடனே கண்ணில் படுகிறான். ஒரே கதைத் தொடரைத் திரும்பத் திரும்பப் படித்து, அதன் பாத்திரங்களின் பிறந்தநாளையெல்லாம் குறித்துவைக்கும் சிறுமிக்கோ 'படிப்பாளி, சாது' என்ற பாராட்டுதான் கிடைக்கிறது. வளர்ந்த பின் அவள், தொலைபேசியில் பேச வேண்டியதை முன்கூட்டியே தாளில் எழுதிவைத்துக்கொள்கிறாள். கண்ணை நேராகப் பார்க்க முடியாததால் எதிரிலிருப்பவரின் புருவ நடுவைப் பார்க்கப் பழகுகிறாள். வேலை முடிந்து வந்து, விளக்கைக்கூடப் போடாமல், ஒரு சொல் பேசவும் தெம்பின்றிக் கிடப்பதை எவரும் பார்ப்பதில்லை. இப்படி மறைத்து நடப்பதற்கும் பதற்றம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவற்றுக்கும் தொடர்பிருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. மருத்துவரிடம் போனாலும் பதற்றக் கோளாறு, உணவுக் கோளாறு, ஆளுமைக் கோளாறு என்று பெயர்கள்தாம் மாறுகின்றன.

திருநர் நிலை இன்னும் சிக்கலானது. 6 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்து 2020-இல் வெளிவந்த ஆய்வின்படி, பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்திலிருந்து வேறான பாலின அடையாளம் கொண்டோரிடையே ஆட்டிசம் ஏனையோரைவிட 3 முதல் 6 மடங்கு வரை கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால், ஆட்டிசம் உள்ளவருக்குத் தம் பாலினம் பற்றித் தெளிவிருக்காது என்று ஒரு மருத்துவர் ஐயுறுகிறார். பாலினக் குழப்பத்தால்தான் பழகத் தயங்குகிறார் என்று மற்றொருவர் ஆட்டிசத்தையே தள்ளிவிடுகிறார். ஒருவரின் இரண்டு உண்மைகளில் ஒன்றைப் பொய்யாக்கித்தான் மற்றொன்றை ஏற்பது என்பது மருத்துவமாகாது.

கற்றுக்கொண்ட உத்திகளால் அறிகுறிகள் பிற்காலத்தில் மறைந்திருக்கலாம் என்பதை மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013-இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்கக் கையேடே ஒப்புக்கொள்கிறது. அப்படியிருக்க, 'முகம் பார்த்துப் பேசுகிறீர்களே, வேலைக்கும் போகிறீர்களே' என்று அனுப்பிவிடாமல், அதற்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்று கேட்பதுதான் முறை. குழந்தைப்பருவத்தைப் பற்றிச் சொல்லப் பெற்றோரை அழைத்து வரச் சொல்வதும் எல்லோருக்கும் இயல்வதன்று. குடும்பத்தால் விலக்கப்பட்ட திருநர் யாரை அழைத்து வருவார்? பழைய பள்ளிக் குறிப்புகளையும், அவர்களின் சொந்த வாக்குமூலத்தையும் ஏற்க வேண்டும்.

பணியிடத்தில் இரைச்சலற்ற ஓர் இருக்கை, வாய்மொழிக்குப் பதில் எழுத்தில் அறிவுறுத்தல், கூசாத விளக்கு ஆகியவற்றைத் தர மருத்துவச் சான்றிதழுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கேட்டவருக்குக் கொடுத்தால் போதும். தங்கள் நாளிதழும் அடுத்த முறை ஆட்டிசம் பற்றிச் சிறப்புப் பக்கம் வெளியிடும்போது, இத்தகைய பெரியவர்களையே எழுதச் சொல்லி, அவர்கள் விரும்பினால் பெயரை வெளியிடாமல் பிரசுரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி